அடுப்படியில் ஒரு சிரிப்பு

ஏரியூர்
9 ஜூன் 2024

பாப்பா நிர்மலாவுக்கு,

உன் அண்ணன் மாதவராஜ் எழுதுகிறேன். கையெழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வருகிறது, பொறுத்துக்கொள்.

செல்போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தைத் தேடினான் என்று நினைப்பாய். போனில் பேசினால், வைத்த அரைமணி நேரத்தில் என்ன பேசினோம் என்பது போய்விடுகிறது. கடிதம் என்றால் தாளில் நிற்கும், திரும்பத் திரும்பப் படிக்கலாம். இது என் யோசனை இல்லை. பெங்களூரு ஆஸ்பத்திரியில் காவியா என்று ஒரு பெண், ஓசூர்ப் பக்கம்தான். ஞாபகசக்தியைச் சோதிப்பதும் அதற்குப் பயிற்சி கொடுப்பதும் அவள் வேலை. "யாராச்சும் ஒருத்தருக்கு எழுதுங்க சார். அவங்க போடற பதிலை நோட்டுல ஒட்டி வையுங்க. அதுதான் உங்க ஞாபகம்னு வச்சுக்குங்க" என்றாள். யாருக்கு எழுதுவீர்கள் என்று கேட்டாள். யோசிக்காமலே உன் பெயர் வந்தது.

பட்டுப்புழுவுக்குத் தீனி போட்ட நேரத்தைக் குறிக்கும் நீள நோட்டு இருக்குமே, அதில் ஒன்றை உன் அண்ணி மாதம்மாள் எனக்கு ஒதுக்கிவிட்டாள். இப்போது நான் தீனி போடுவதில்லை. போட்டதை மறந்து இன்னொரு தடவை போட்டுவிடுகிறேன். புழு தோலுரிக்கத் தூங்கும் நாளில்கூட இலையைக் கொண்டுபோய்க் கொட்டினேனாம். "நீங்க இலை பறிச்சுக் குடுத்தாப் போதுங்க, புழு மனைக்குள்ள வராதீங்க" என்று மாதம்மாள் சொல்லிவிட்டாள். முப்பது வருஷம் புழு வளர்த்தவனுக்கு இது எப்படி இருக்கும் என்று நீயே நினைத்துப் பார். மல்பெரித் தோட்டத்துக்கு ஒரு மயில் வருகிறது. ஒரு கால் ஊனம். நொண்டிக்கொண்டே வந்து என்னைக் கண்டால் நின்று பார்க்கிறது. இப்போதைக்கு எனக்கு அதுதான் கூட்டாளி.

கேட்க வந்ததைக் கேட்கிறேன். இரண்டு கேள்வி. நோட்டில் குறித்து வைத்துப் பார்த்து எழுதுகிறேன்.

ஒன்று. நீ ஏன் என் வீட்டுக்கு வருவதில்லை? பொங்கலுக்கு வரவில்லை, மாரியம்மன் நோம்பிக்கு வரவில்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேனாம், அப்போதும் நீ வரவில்லையாம். அண்ணியைக் கேட்டால், "அதெல்லாம் எதுக்குங்க இப்ப" என்று அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுகிறாள். நான் உனக்கு ஏதோ செய்திருக்கிறேன். என்ன செய்தேன்?

இரண்டு. 2022ஆம் வருஷம் என் தலையில் வெறும் வெள்ளைத்தாளாக இருக்கிறது. ஒன்றே ஒன்று மட்டும் தங்கியிருக்கிறது. உன் வீட்டு அடுப்படி. நான் பலகையில் உட்கார்ந்திருக்கிறேன். தட்டில் தோசை, நிலக்கடலைச் சட்னி. நீ அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாய். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாய். நானும் சிரிக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை. அன்றைக்கு எதற்குச் சிரித்தோம் பாப்பா?

பதில் போடு. ஒட்டி வைக்கப் பசை வாங்கி வைத்திருக்கிறேன்.

மாதவராஜ்


அரூர்
30 ஜூன் 2024

ஏரியூர் மாதவராஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மூன்று நாள் பிரிக்காமல் டிவி மேல் வைத்திருந்தேன்.

"நான் என்ன செய்தேன்" என்று கேட்க உங்களுக்கு எப்படி மனசு வந்ததோ தெரியவில்லை. ஊருக்கே தெரிந்ததை என் வாயால் கேட்க ஆசையென்றால் சொல்கிறேன், உங்கள் நோட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

2022 ஆவணியில் என் மகள் எழிலரசிக்கு நிச்சயதார்த்தம். காரிமங்கலத்துச் சம்பந்தம். மாப்பிள்ளையின் அப்பா முருகேஷுக்கு முன்பே பக்கவாதம் வந்து, வாய் இடப்பக்கம் கோணியிருக்கும். பெண் பார்க்க வந்த அன்றே நீங்கள் அவரைப் பார்த்தீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசினீர்கள். நம் குடும்பத்தில் தாய்மாமன் கையால்தான் தாம்பூலத் தட்டு போகும். என் மகளுக்குத் தாய்மாமன் என்று நீங்கள் ஒருத்தர்தான்.

மண்டபம் நிறைய சனம். நீங்கள் தட்டை நீட்டினீர்கள், அவர் வாங்கக் கை நீட்டினார். அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்து வாயைக் கோணினீர்கள். அதே இடப்பக்கம். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. கையையும் வெடுக்கென்று இழுத்தீர்கள். தட்டு விழுந்து தேங்காய் பந்தி வரைக்கும் உருண்டு போனது. "என்னங்க, பழிப்புக் காட்டறீங்களா?" என்று அவர் கேட்டார். அந்த இடத்தில் ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால்கூட நாங்கள் காலில் விழுந்து சமாளித்திருப்போம். நீங்களோ, "யாரு, நானா? நான் என்ன பண்ணுனேன்?" என்று அவரையே கேட்டீர்கள். நின்றிருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டன. அவர்கள் கை நனைக்காமல் வேன் ஏறிப் போனார்கள்.

யாரைப் பார்த்தாலும் அவர்களை மாதிரி நடித்துக் காட்டுவது உங்களுக்குச் சின்ன வயதுப் பழக்கம். கணக்கு வாத்தியார் நடை, ஊர்த் தலைவர் இருமல், எதையும் விட்டதில்லை. அதனால் மண்டபத்தில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

எழிலரசி அன்றைக்குக் கட்டிய புடவையோடு மறுநாள் மதியம் வரை உட்கார்ந்திருந்தாள். அப்புறம் இரண்டு இடம் வந்தது. "தட்டு வுழுந்துச்சே, அந்தப் பொண்ணுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வீட்டுக்கு வருவதே இல்லை.

உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனது காதில் விழுந்தது. வருத்தம்தான். ஆனால் மறந்துவிட்டது என்று ஒரு வார்த்தையில் கைகழுவ என் மகள் வாழ்க்கை ஒன்றும் புழுத் தீனி இல்லை.

உங்களுடைய இரண்டாவது கேள்வி எனக்கு ஞாபகமில்லை.

நிர்மலா


ஏரியூர்
21 ஜூலை 2024

பாப்பா,

என்னை எப்போதிலிருந்து "நீங்கள்" என்று கூப்பிடுகிறாய்? பழக்கமாக இருந்தால் சொல், அதுவும் எனக்கு மறந்திருக்கலாம்.

உன் கடிதத்தை ஒட்டிவிட்டேன். ஒட்டுவதற்கு முன்னால் அண்ணி கையில் கொடுத்து, இது நடந்ததா என்று கேட்டேன். படித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு போனில் ஒரு வீடியோ காட்டினாள். அந்த வருஷம் மார்கழியில் அவளே எடுத்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து டீ குடிக்கிறேன். திடீரென்று இடப்பக்க வாய் மேலே இழுத்துக்கொள்கிறது. இடது கை வெட்டுகிறது, டீ சிந்துகிறது. ஒரு நொடிதான், அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி மீதி டீயைக் குடிக்கிறேன். ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது தடவை அப்படி வந்ததாம். எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. வீடியோவில் இருப்பது என் முகம்தான், பார்க்க யாரையோ பார்ப்பது போல இருந்தது.

ஆஸ்பத்திரி ஃபைலில் உள்ளதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். நோய்க்கிருமி வந்தால் அடித்து விரட்ட உடம்பில் ஒரு காவல் இருக்கிறது இல்லையா, அது ஆள் அடையாளம் தெரியாமல் என் மூளையையே அடித்துவிட்டது. லட்சக்கணக்கான பேரில் ஒருத்தருக்கு வருமாம். அடி விழுந்த இடம் ஞாபகத்தைச் சேர்த்து வைக்கும் இடம். கோபதாபங்களுக்கும் அங்கேதான் வழியாம். முகம் இழுப்பது ஒரு வகை வலிப்பு, அதுதான் முதல் அறிகுறி. இங்கே ஒரு டாக்டர் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று பட்டை போட்டு அனுப்பினார். தையில் பெரிய வலிப்பு வந்து விழுந்த பிறகுதான் பெங்களூரு போனோம். ரத்தத்தை எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப ஏற்றினார்கள். இப்போது முகம் இழுப்பதில்லை. "மூஞ்சி இழுக்க ஆரம்பிச்சப்பவே கூட்டிட்டு வந்திருந்தா ஞாபகம் இவ்வளவு போயிருக்காதுங்க" என்று டாக்டர் சொன்னதாக அண்ணி குறித்து வைத்திருக்கிறாள்.

காவியா பத்து வார்த்தை சொல்லி, அரைமணி கழித்துத் திருப்பிக் கேட்பாள். முதல் தடவை ஒன்றும் வரவில்லை. போன மாதம் மூன்று சொன்னேன். குடை, சாவி, எருமை. மூன்றாங்கிளாஸ் பிள்ளை மாதிரி எனக்குச் சந்தோஷம்.

அந்த முகத்தைச் செய்தது நான் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? என் முகம்தானே. எழிலரசியிடம் சொல், மாமா வேண்டுமென்று செய்யவில்லையாம் என்று. நம்பினால் நம்பட்டும்.

மல்பெரித் தோட்டத்துக்கு ஒரு மயில் வருகிறது. ஒரு கால் ஊனம். என்னைக் கண்டால் நின்று பார்க்கிறது.

அடுப்படியில் எதற்குச் சிரித்தோம் என்று நீ இன்னும் சொல்லவில்லை. ஞாபகமில்லை என்று எழுதியிருக்கிறாய். ஞாபகம் போனது எனக்கா உனக்கா?

மாதவராஜ்


அரூர்
18 ஆகஸ்ட் 2024

அண்ணா,

என்ன எழுதுவது என்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்துப் போட்டேன்.

உன் கடிதத்தை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். உன் மாப்பிள்ளையைத்தான் தெரியுமே, எதற்கும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். படித்து முடித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, "தப்புப் பண்ணிட்டோம்" என்றார். அவ்வளவுதான். எழிலரசிக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்கு வந்தாள்.

போன கடிதத்தில் அப்படி எழுதியிருக்கக் கூடாது. "மூஞ்சி இழுக்க ஆரம்பிச்சப்பவே" என்ற வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். அப்போதெல்லாம் உனக்கு வலித்ததா?

மயிலைப் பற்றி முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டாய். பரவாயில்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுது. பேருந்தில் தெரிந்தவர் ஒருவர் ஏரியூர் வந்தார், சாமை அரிசி கொடுத்துவிட்டேன். சித்தேரி மலையிலிருந்து வந்தது, நன்றாக இருக்கும்.

அடுப்படி விஷயம் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஏதோ சும்மா சிரித்திருப்போம். அதையே பிடித்துக்கொண்டிருக்காதே.

நிர்மலா


ஏரியூர்
15 செப்டம்பர் 2024

நிர்மலா,

இன்றைக்கு எனக்கு மனசு சரியில்லை. சரியில்லை என்பதுகூட அண்ணி சொல்லித்தான் தெரிகிறது. காலையில் களி சூடாக இல்லை என்று தட்டை வீசினேன். அவள் பொறுக்கி எடுக்கிறாள், நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். குனிந்து ஒரு கை கொடுக்கத் தோன்றவில்லை. முன்னெல்லாம் நான் அப்படிப்பட்ட ஆளா?

போன வாரம் மாதம்மாளின் அம்மா பெரியம்மாள் இறந்துவிட்டார்கள். என்னைச் சொந்த மகனாக வைத்திருந்த அத்தை. பெண்கள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், ஆண்கள் கண்ணைத் துடைக்கிறார்கள். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. அழுவதாகப் பாவனை செய்யலாம் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. ஊரையே நடித்துக் காட்டியவனுக்கு ஒரு அழுகை நடிக்க வரவில்லை. "சாப்பாடு எத்தனை மணிக்கு" என்று சத்தமாகக் கேட்டேனாம். மாதம்மாள் என்னைப் பார்த்த பார்வை மட்டும் ஞாபகமிருக்கிறது. நோயைச் சொல்லி எத்தனை பேருக்கு விளக்கம் கொடுப்பாள், பாவம்.

அன்றைக்குத் திரும்பி வந்ததும் அவளுக்கு வாய் திறந்துகொண்டது. அந்த வருஷம் கார்த்திகையிலிருந்து உனக்குப் பதினோரு தடவை போன் செய்தாளாம். நீ எடுக்கவில்லையாம். டீ குடிக்கும் வீடியோ எடுத்ததே உனக்கு அனுப்பத்தானாம், அது போய்ச் சேரவே இல்லையாம். ஒரே ஒரு தடவை எடுத்தாயாம். என்ன சொன்னாய் என்று கேட்டேன். "அவளையே கேளுங்க" என்றாள்.

கேட்கிறேன். என்ன சொன்னாய்?

மா.


அரூர்
13 அக்டோபர் 2024

அண்ணா,

ஒரு மாதமாக இந்தக் கடிதத்தைத் தள்ளிப் போட்டேன். இன்றைக்கு அவர் சந்தைக்குப் போயிருக்கிறார். வீட்டில் நான் மட்டும். எழுதி முடித்துவிடுகிறேன்.

அண்ணி சொன்னது உண்மை. ஒரு தடவை எடுத்தேன். "நிர்மலா, உங்கண்ணன் ஒரு மாதிரி இருக்காரு. சொன்னதையே சொல்றாரு, மூஞ்சி இழுக்குது. ஆஸ்பத்திரிக்குக் கூப்புட்டா வரமாட்டேங்கறாரு. நீ வந்து சொன்னாக் கேப்பாரு, ஒருக்கா வந்துட்டுப் போ" என்று அழுதார்கள். நான் சொன்னேன்: "மண்டபத்துல நடிச்சது பத்தாதுன்னு வூட்லயும் நடிக்கறாரா? நல்லா பாத்துட்டு இருங்க அண்ணி." சொல்லிவிட்டு அவர்கள் நம்பரைத் தடுத்து வைத்தேன். வீடியோ வந்து சேராததற்குக் காரணம் அதுதான். கார்த்திகையிலேயே நான் வந்து உன் கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருந்தால் உனக்கு எருமையும் சாவியும் மட்டுமா மிஞ்சியிருக்கும்? பத்து வார்த்தையும் சொல்லியிருப்பாய்.

இது பாதிதான். மீதி, நீ கேட்ட அடுப்படி.

எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது அண்ணா. ஆடி பிறந்த மறுநாள். முருகேஷ் வீட்டார் பெண் பார்த்துவிட்டுப் போன மூன்றாம் நாள். நீ தோசை தின்றுகொண்டிருந்தாய். உன் வாய் இடப்பக்கம் இழுத்தது. நீ அவரை நடித்துக் காட்டுகிறாய் என்று நினைத்தேன். அப்படியே அச்சாக இருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்புடியே இருக்குதுண்ணா, இன்னொரு தடவ பண்ணு" என்றேன். நீ என்னைப் பார்த்து, "எதை?" என்றாய். அதுவும் நடிப்பு என்று நினைத்து இன்னும் சிரித்தேன். மறுபடியும் வந்தது. கை வெட்டி, தோசைத் துண்டு தெறித்து மேடையில் விழுந்தது. நான் கைதட்டினேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். எதற்கென்றே தெரியாமல் நீயும் என்னோடு சேர்ந்து சிரித்தாய்.

உன் நோயை முதலில் பார்த்தவள் நான். அண்ணிக்கு முன்னால், டாக்டருக்கு முன்னால். இன்னொரு தடவை செய் என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

மண்டபத்தில் உன் வாய் கோணியபோது எனக்கு முதலில் வந்தது கோபமில்லை, பயம். நான் கைதட்டித் தூண்டிவிட்டதைத்தான் இங்கே வந்து செய்கிறாய் என்று நினைத்தேன். "நீதானே சிரிச்சே" என்று நாலு பேர் முன்னால் என்னைச் சொல்லிவிடுவாயோ என்று நடுங்கினேன். அதனால்தான் முந்திக்கொண்டு உன்னைத் திட்டினேன். என் வாசப்படி மிதிக்காதே என்றேன். நீ வந்து போய்க்கொண்டிருந்தால் என்றைக்காவது அந்தப் பேச்சு வெளியே வரும். அவருக்கும் எழிலரசிக்கும் தெரிந்துவிடும். உன்னைத் தள்ளி வைத்தால் நான் தப்பித்தேன். இரண்டு வருஷம் ரோஷக்காரி மாதிரி திரிந்தது இதை மூடத்தான்.

இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கொடுக்க முடியாவிட்டால் அதையும் எழுது.

நிர்மலா


ஏரியூர்
10 நவம்பர் 2024

பாப்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் படித்தேன். நோட்டில் ஒட்டவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தினமும் புதிதாகப் படிப்பது போலத்தான் இருக்கிறது. தினமும் அந்த அடுப்படி வரிகளுக்கு வரும்போது கை நின்றுவிடுகிறது.

எதைப் படித்தாலும் பக்கத்தில் என்ன தோன்றியது என்று எழுதச் சொல்லியிருக்கிறாள் காவியா. கோபம், துக்கம், வெட்கம் என்று ஒரு பட்டியலே கொடுத்திருக்கிறாள். கோபப்பட வேண்டிய இடம் இது என்று எனக்குத் தெரிகிறது. தேடிப் பார்த்தேன், வரவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது உண்மையா என்றும் தெரியவில்லை. கோபமே இல்லாதவன் எதை மன்னிப்பது? உனக்கு இது போதாது என்று தெரியும். என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

ஆனால் ஒன்று செய்ய முடியும். நோட்டில் ஒட்டாதது எதுவும் என்னிடம் தங்குவதில்லை. உன் கடிதத்தை இதோடு வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். என் கையில் இல்லையென்றால் இரண்டு வாரத்தில் போய்விடும். அந்த வருஷத்தில் எனக்கு மிஞ்சியிருப்பது உன் சிரிப்பு ஒன்றுதான். அதன் மேல் நோய் என்று சீட்டு ஒட்டி வைத்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. நீ சிரித்தாய், நான் உனக்குச் சிரிப்பு மூட்டினேன் என்றே இருக்கட்டும்.

நான் மறுபடியும் கேட்பேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். கேட்டால் வேறு ஏதாவது சொல்லிவிடு. நீ பொய் சொல்வதில் சுமார்தான், இப்போதே யோசித்து வை.

அண்ணியிடம் நீயே நேரில் வந்து பேசு. அவளுக்குப் பதிலாக நான் எதையும் மறக்க முடியாது.

மாதவராஜ்


அரூர்
12 ஜனவரி 2025

அண்ணா,

போன வாரம் நான் வந்து போனது உன் நோட்டில் இருக்கும். அண்ணி ஒரு மணி நேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு கூடை மல்பெரி இலையை முன்னால் தள்ளி, "இதை நறுக்கு" என்றார்கள். நறுக்கினேன். பேச வந்ததைப் பேசினேன். பஸ் ஏறும்போது, "மொதல்லயே வந்திருக்கலாம் நீ" என்று மட்டும் சொன்னார்கள்.

எழிலரசிக்கு வருகிற தை இருபது, பிப்ரவரி இரண்டு, ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அவளோடு வேலை பார்க்கும் பையன். தட்டு விழுந்த கதையை அவளே சொல்லியிருக்கிறாள், மாமாவுக்கு என்ன நோய் என்பதையும் சொல்லியிருக்கிறாள். "மாமா கையாலதான் தட்டு மாத்தணும், இல்லைன்னா வேண்டாம்" என்று பிடிவாதமாக இருக்கிறாள். வந்துவிடு. சுவரில் எழுதி ஒட்டிக்கொள்.

நிர்மலா


ஏரியூர்
23 பிப்ரவரி 2025

பாப்பா,

நோட்டைப் பார்த்து எழுதுகிறேன். இரண்டாம் தேதி அரூர் மண்டபம். எழிலரசி பச்சைப் புடவை. தட்டை நான் இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன், அடியில் மாதம்மாளும் கை கொடுத்திருக்கிறாள். தட்டு விழவில்லை. இதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். சம்பந்தி என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார், அதை எழுதவில்லை.

அழுகை வரவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு எனக்குப் பசிக்கவே இல்லை. அது எந்தக் கணக்கில் சேரும் என்று காவியாவிடம் கேட்க வேண்டும்.

காவியாவின் பத்து வார்த்தையில் இந்த முறை நாலு சொன்னேன். மயில் இரண்டு வாரமாகக் காணோம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நோட்டு முழுக்கத் தேடிப் பார்த்தேன். நான் கேட்டிருக்கிறேன், நீ முதலில் ஞாபகமில்லை என்றும் அப்புறம் சும்மா என்றும் எழுதியிருக்கிறாய். சரியான பதிலைக் காணோம். உன் வீட்டு அடுப்படியில் ஒரு நாள் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்தாயே. தோசையும் நிலக்கடலைச் சட்னியும் இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நீ சிரித்து நான் பார்த்ததே இல்லை. ராத்திரி தூக்கம் வராவிட்டால் அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு எதற்குச் சிரித்தோம்?

மாதவராஜ்


அரூர்
2 மார்ச் 2025

அண்ணா,

இப்போதுதான் நன்றாக ஞாபகம் வந்தது. சொல்கிறேன், கேள்.

அன்றைக்கு ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள். ஒகேனக்கல் போய்விட்டு வந்திருந்தாய். பஸ்ஸில் அவ்வளவு கூட்டமாம். ஒரு அம்மா கூடையில் கொண்டுவந்த சேவல் அவிழ்த்துக்கொண்டு கண்டக்டர் தோளில் ஏறி உட்கார்ந்துவிட்டதாம். கண்டக்டர் அதை இறக்கவும் பயந்து, டிக்கெட் கொடுப்பதை நிறுத்தவும் முடியாமல், கழுத்தை நீட்டிக்கொண்டே, "பென்னாகரம் இறங்கு, பென்னாகரம் இறங்கு" என்றாராம். நீ கண்டக்டராகவும் நடித்தாய், சேவலாகவும் நடித்தாய். சேவலுக்காக நீ தலையை வெட்டி வெட்டித் திருப்பினாய். அப்போதுதான் தோசைத் துண்டு தெறித்து மேடையில் விழுந்தது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. "இன்னொரு தடவ பண்ணுண்ணா" என்று கெஞ்சினேன். நீயும் பண்ணினாய்.

சிரித்தது அதற்குத்தான். வேறு ஒன்றுமில்லை.

இந்தக் கடிதத்தை வந்த அன்றைக்கே ஒட்டிவிடு. பசை காய்ந்து போயிருந்தால் அண்ணியிடம் சொல், சோற்றுப் பருக்கை வைத்தாவது ஒட்டச் சொல். நீ இன்னொரு தடவை கேட்டால் என்னால் முடியாது அண்ணா.

நிர்மலா